சைக்கிளை எங்கே மாட்டுவது? கார் ரேக்குகளின் நூறு வருஷக் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சின் போக்கை மாற்றாமல், படிக்க வசதியாகத் திருத்தியிருக்கிறோம்.)



சின்ன எஸ்யூவி ஒண்ணு வாங்கியாச்சு. வீட்டில் ரெண்டு சைக்கிள் இருக்கு. ஞாயிற்றுக்கிழமை விடியறதுக்குள்ள ஈசிஆர் போகணும். வருஷத்துக்கு ரெண்டு தடவை ஏற்காடோ ஏலகிரியோ போகணும். சைக்கிளைக் காரில் எங்கே வைக்கிறது? கடையில் கேட்டா நாலு வகை காட்டுவாங்க: கூரை மேல நிக்கிற ரேக், டிக்கிக் கதவில் பட்டை போட்டுக் கட்டற ரேக், ஸ்டெப்னியில் மாட்டற ரேக், காருக்குப் பின்னாடி டோ ஹிட்ச்சில் சொருகற ரேக். இதில் எது நல்லதுன்னு நாலு பேரைக் கேட்டா அஞ்சு பதில் வரும்.

இன்னைக்கு இந்த நாலும் எங்கேருந்து வந்துச்சுன்னு பார்க்கப் போறோம். ஒரு விஷயத்தை மட்டும் முதல்லயே சொல்லிடறேன். இந்த ரேக்குகள் காரில் போய்ப் பிடிக்கிற இடம் எதுவுமே சைக்கிளுக்காகச் செஞ்சது இல்லை. வேற எதுக்கோ கார் விட்டுவெச்ச இடத்தை சைக்கிள் கடன் வாங்கியிருக்கு. கடன்னா அதுக்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பைத் தாண்டினா விலை கொடுக்கப் போறது நாம மட்டும் இல்லை, நமக்குப் பின்னாடி ஸ்கூட்டரில் வர்ற குடும்பமும்தான்.

கூரை: பந்தயமும் பனிச்சறுக்கும்

காருக்கு மேல சைக்கிள் நிக்கிற காட்சியை நம்மில் பல பேர் முதல்ல பார்த்தது டிவியில், டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில்தான். வீரர்களுக்குப் பின்னாடி டீம் கார்கள் வரிசையா வரும். ஆனா அந்தப் பந்தயத்தின் ஆரம்ப வருஷங்களில் இப்படி ஒரு உதவிக்கு இடமே கிடையாது.

1913-ல் யூஜீன் கிறிஸ்தோஃப் என்கிற வீரருக்கு, பிரனீஸ் மலையில் டூர்மாலே கணவாயிலேருந்து இறங்கும்போது ஃபோர்க் உடைஞ்சுபோச்சு. முன் சக்கரத்தை ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்கிற கவட்டைதான் ஃபோர்க். விதிப்படி வேற சைக்கிள் வாங்கக் கூடாது, வெளியாள் உதவியும் கூடாது. சைக்கிளைத் தோளில் போட்டுக்கிட்டு 10 கிலோமீட்டருக்கு மேல நடந்தார். கீழே ஒரு கிராமத்தில் இருந்த கொல்லுப் பட்டறையில் தானே இரும்பைக் காய்ச்சி அடிச்சுச் சரி பண்ணினார். துருத்தி ஊத ஒரு சின்னப் பையன் உதவினான்னு அதுக்கும் அபராதம் போட்டாங்க.

பிற்பாடு விதிகள் தளர்ந்துச்சு. 1950-களில் டீம் கார்களின் கூரையில் மாற்று சைக்கிள்கள் நிக்கிறது சகஜமாச்சு. அங்கே முக்கியமான தேவை வேகம். நிமிஷத்தில் இறக்கி வீரர் கையில் கொடுக்கணும்.

அதே காலத்துக்குள்ள சைக்கிளிலும் ஒரு மாற்றம் வந்திருந்தது. 1927-ல் இத்தாலியில் துல்லியோ கம்பன்யோலோ என்கிற வீரர், பனி கொட்டற மலையில் விரல் விறைச்சுப்போய், சக்கரத்தின் நட்டைக் கழட்ட முடியாம நின்னார்னு ஒரு கதை சொல்வாங்க. பின்னாடி அவர் பேரில் வந்த கம்பெனிதான் குவிக் ரிலீஸைப் பிரபலமாக்கினது. ஸ்பானரே வேண்டாம், ஒரு நெம்புகோலைத் திருப்பினா சக்கரம் கையோட வந்துடும். கூரை ரேக் செஞ்சவங்க இதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாங்க. முன் சக்கரத்தைக் கழட்டு, வெறும் ஃபோர்க்கை ரேக்கில் இருக்கிற அதே மாதிரி நெம்புகோலில் பூட்டு, பின் சக்கரத்தைப் பட்டையால் கட்டு. சைக்கிள் அசையாது.

சரி, அந்த ரேக் காரை எதில் பிடிக்கும்? பழைய கார்களில் கதவுக்கு மேல, மழைத்தண்ணி வழிஞ்சு ஓடறதுக்கு ஒரு விளிம்பு இருக்கும். அம்பாசிடரில் பார்த்திருப்பீங்க. பெட்டி படுக்கை கட்டற கேரியர் அந்த விளிம்பைத்தான் கவ்விக்கிட்டு நிக்கும். ஐரோப்பாவில் அதே விளிம்பில் பனிச்சறுக்குப் பலகைகளைக் கட்டினாங்க. இன்னைக்கு ரேக்னாலே பல பேர் சொல்ற பேர் தூலே. 1942-ல் ஸ்வீடனில் ஹில்லர்ஸ்டார்ப் என்கிற ஊரில் எரிக் தூலின் தொடங்கினது. முதல்ல வித்தது என்ன தெரியுமா? பைக் என்கிற நன்னீர் மீனைப் பிடிக்கிற பொறி. நிஜமாவே, பைக்குக்கு ரேக் செய்யறதுக்கு முன்னாடி பைக்குக்குப் பொறி! 1960-களில் பனிச்சறுக்குப் பலகைக்கான ரேக் வந்துச்சு. சைக்கிள் அதுக்கப்புறம்தான் அந்த வரிசையில் சேர்ந்துச்சு.

1980-களில் காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போற மாதிரி காரை வடிவமைக்க ஆரம்பிச்சாங்க, மழை விளிம்பு மறைஞ்சது. அதனாலதான் இன்னைக்கு ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனி கிளாம்ப் வாங்க வேண்டியிருக்கு.

இப்போ வரம்பு. பல சின்ன எஸ்யூவிகளின் கூரை தாங்கறது 75 கிலோ, சிலதில் 50-தான். ரேக்கோட எடையும் அதில் சேர்த்தி. சில மாடல்களில் கூரையில் பளபளன்னு ரெண்டு கம்பி ஓடும். அது வெறும் அலங்காரம், சுமை ஏத்தாதீங்கன்னு காரோட கையேட்டிலேயே போட்டிருக்கும். அடுத்தது காத்து: வேகம் ரெண்டு மடங்கானா எதிர்ப்பு நாலு மடங்கு, பெட்ரோல் செலவும் கூடும். கடைசியா ஞாபகசக்தி. மேல சைக்கிள் இருக்குங்கறதை மறந்துட்டு மால் பார்க்கிங்கில் நுழைஞ்சா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

டிக்கி: 1970-களின் சைக்கிள் அலை

அடுத்து அமெரிக்கா. 1967-ல் மாசசூசெட்ஸில் டிக் ஆலன் என்கிறவர் தன் வீட்டு கராஜில், கார் டிக்கி மேல பட்டை போட்டுக் கட்டற ஒரு ரேக்கைச் செஞ்சார். டிக்கி ரேக்கே அவர் கண்டுபிடிப்புதான்னு அவர் தொடங்கின கம்பெனி சொல்லுது. அந்த நேரம் அவருக்கு வாய்ச்ச நேரம். அடுத்த சில வருஷங்களில் அமெரிக்கப் பெரியவங்களுக்கு திடீர்னு சைக்கிள் பைத்தியம் பிடிச்சது. 1973-ல் மட்டும் அங்கே சுமார் 1.5 கோடி சைக்கிள் வித்துச்சு. அந்த வருஷம் வித்த கார்களை விட அதிகம். சுற்றுச்சூழல் பத்தின பேச்சு, உடற்பயிற்சி மோகம், அந்த வருஷக் கடைசியில் வந்த பெட்ரோல் நெருக்கடின்னு எல்லாம் சேர்ந்துக்கிச்சு. 1975-ல் விற்பனை பாதியாச்சு. ஆனா ரேக் மட்டும் நிலைச்சது.

அந்தக் காலத்து அமெரிக்க கார்களை நினைச்சுப் பாருங்க. நீளமான டிக்கி, தகட்டு மூடி, கெட்டியான இரும்பு பம்பர். மூடியின் விளிம்பில் மேல் கொக்கி, பம்பரில் கீழ் கொக்கி, நடுவில் பட்டையை இழுத்துக் கட்டினா போதும். சைக்கிளை ரேக்கின் ரெண்டு கையில் பாரைக் கொடுத்துத் தொங்கவிடணும். பார்னா நமக்குத் தெரியுமே, அப்பா நம்மை உட்கார வெச்சு ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போன அதே கம்பிதான்.

ஆனா இன்னைய சின்ன எஸ்யூவிக்கு அந்த டிக்கியே கிடையாது. பின்னாடி நிமிர்ந்து நிக்கிற ஒரு கதவு, பாதிக்கு மேல கண்ணாடி, உச்சியில் பிளாஸ்டிக் ஸ்பாய்லர், கீழே பிளாஸ்டிக் பம்பர். கொக்கி பிடிக்க எங்கே இடம்? இதுக்கு ஒரு புத்திசாலித்தனமான பதில் 1990-களில் வந்துச்சு. ஃபாபியோ பெத்ரினி என்கிற வடிவமைப்பாளர், அமெரிக்காவின் சாரிஸ் கம்பெனிக்காக, வில் மாதிரி வளைஞ்ச கால்கள் உள்ள ஒரு ரேக்கை வரைஞ்சார். பேர் 'போன்ஸ்', எலும்புகள். வளைவு ஸ்பாய்லரைத் தாண்டி நிக்கும், பளு கதவின் கீழ்ப்பகுதிக்குப் போயிடும்.

அப்படியும் வரம்பு வரம்புதான். விலை குறைவு, கழட்டி உள்ளே போட்டுடலாம், உண்மை. ஆனா பட்டை வழியில் தளரும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிப் பார்க்கணும். பார் இல்லாத லேடீஸ் சைக்கிளுக்கு இடையில் ஒரு கம்பி தனியா மாட்டணும். நம்பர் பிளேட்டும் பின் லைட்டும் மறையக் கூடாது. அது சட்டம் மட்டுமில்ல, ராத்திரியில் பின்னாடி வர்றவனுக்கு நம்ம பிரேக் லைட்தான் பேச்சு.

ஸ்டெப்னி: மறைமலை நகர் வரைக்கும் வந்த வழக்கம்

ஜீப் வகையறாக்களில் ஸ்டெப்னி வெளியே, பின்னாடி தொங்கும். காட்டுப் பாதையில் டயர் போனா உடனே மாத்தணும் இல்லையா? 1994-ல் டொயோட்டா ராவ்4 வந்தப்போ, காடு மேடு போகாத நகரத்து ஆளுக்கும் அதே தோற்றத்தைக் கொடுத்தாங்க. அது சின்ன எஸ்யூவிகளுக்கு ஒரு முன்மாதிரி ஆச்சு.

இந்தியாவில் 2006 பட்ஜெட், 4 மீட்டருக்குள் அடங்கற, சின்ன இன்ஜின் உள்ள கார்களுக்கு வரியைக் குறைச்சது. அதனால இங்கே எஸ்யூவியே சுருங்கிப் பிறந்துச்சு. அதில் முக்கியமானது 2013-ல் வந்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட். நம்ம சென்னைக்குப் பக்கத்தில், மறைமலை நகரில் செஞ்சது. 4 மீட்டருக்குள்ளேயும் முதுகில் ஸ்டெப்னியைச் சுமந்துக்கிட்டு வந்துச்சு. 2022-ல் உற்பத்தி நின்னாலும் ரோட்டில் இன்னும் நிறைய ஓடுது. அந்த மாதிரி கார் இருந்தா, ஸ்டெப்னி மேல உட்கார்ற ரேக் ஒரு நல்ல வழி. பட்டையை விட உறுதியாப் பிடிக்கும், பெயின்ட்டும் கீறாது.

ஆனா அந்தக் கதவின் கீலும், ஸ்டெப்னி தாங்கற போல்ட்டுகளும் ஒரு சக்கரத்தின் எடைக்காகக் கணக்குப் போட்டது. அதுக்கும் வெளியே ரெண்டு சைக்கிளைத் தொங்கவிட்டா, ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த எடை கடப்பாரை போட்டு நெம்பற மாதிரி இழுக்கும். ரெண்டு லேசான சைக்கிளோட நிறுத்திக்கிறது நல்லது. இப்போ வர்ற பெரும்பாலான மாடல்களில் ஸ்டெப்னி உள்ளே போயிடுச்சு, அதோட இந்த வழியும் போயிடுச்சு.

ஹிட்ச்: கனமான சைக்கிள்களின் காலம்

1976-ல் கலிபோர்னியாவில் மரின் என்கிற பகுதியில், சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை மலை உச்சிக்குக் கொண்டுபோய், மண் பாதையில் கீழே உருட்டிப் பந்தயம் வெச்சாங்க. பந்தயத்தின் பேர் 'ரீபேக்'. ஒரே இறக்கத்தில் பிரேக் சூடாகி உள்ளே இருக்கிற கிரீஸ் புகையாப் போயிடும், மறுபடி அடைக்கணும். அதனால அந்தப் பேர். உச்சிக்குச் சைக்கிள்களை ஏத்திக்கிட்டுப் போனது பிக்-அப் வண்டிகள். மவுன்டன் பைக் என்கிற சைக்கிள் வகை இங்கேருந்துதான் வளர்ந்துச்சு. அதாவது, அந்த வகை பிறக்கும்போதே வண்டியில் ஏறித்தான் போச்சு.

அந்த சைக்கிள்கள் கூரை ரேக்கைப் படாதபாடு படுத்துச்சு. எடை அதிகம், டயர் தடிமன். 2000-களின் கடைசியில் குவிக் ரிலீஸுக்குப் பதிலா, உள்ளே முழுசா ஊடுருவிப் போற தடிச்ச அச்சு வந்துச்சு. பழைய நெம்புகோலில் அந்த ஃபோர்க் உட்காராது. கார்பன் ஃப்ரேம் வந்தப்புறம் பாரை இறுக்கிப் பிடிக்கிறதே ஆபத்து, நசுங்கும். அப்போ எதைப் பிடிக்கிறது? மிச்சம் இருக்கிறது டயர் மட்டும்தான்.

அமெரிக்காவில் டிரெய்லர் இழுக்க வண்டிக்கு அடியில் சதுரக் குழாய் பொருத்துவாங்க, பெரிசுன்னா 2 அங்குலம், சின்னதுன்னா ஒண்ணேகால். அதில் ஒரு மேடையைச் சொருகி, அதன்மேல சைக்கிளை நிக்க வெச்சு, டயரை மட்டும் பிடிக்கிறாங்க. ஐரோப்பாவில் டிரெய்லருக்கான இரும்புக் குண்டில் மாட்டறாங்க. மறையற லைட்டுக்கும் நம்பர் பிளேட்டுக்கும் பதிலா ரேக்கிலேயே இன்னொரு செட் வைக்கிறாங்க. இடுப்பு உயரத்துக்குத் தூக்கினா போதும். 20, 25 கிலோ எடையுள்ள மின்சார சைக்கிள் வந்த இந்தக் காலத்தில் இதுதான் பெரிய சௌகரியம்.

நம்ம ஊரில் சிக்கல் என்னன்னா, சின்ன எஸ்யூவிகளுக்குப் பெரும்பாலும் கம்பெனியிலேருந்து ஹிட்ச் வர்றதில்லை. தெருமுனை வெல்டிங் கடையில் வெச்சுக்கலாம்னு ஆசை வரும். கார் கம்பெனி அனுமதிக்காத இடத்தில் ஓட்டை போடறது, அது கடன் இல்லை, திருட்டு.

அப்போ எதைத் தேர்ந்தெடுக்கிறது?

இந்த வரலாறு கேள்வியைத் திருப்பிப் போடுது. 'எந்த ரேக் நல்லது?'ங்கறதை விட்டுட்டு ரெண்டு கேள்வி கேளுங்க. முதல் கேள்வி: என் கார் எந்த இடத்தைக் கொடுத்திருக்கு, அது எத்தனை கிலோ தாங்கும்? பதில் காரோட கையேட்டில் இருக்கு. ரெண்டாவது: என் சைக்கிளை எதில் பிடிக்கலாம், பாரிலா, ஃபோர்க்கிலா, டயரிலா? பதில் சைக்கிளைப் பார்த்தாலே தெரியும்.

வருஷத்துக்கு ரெண்டு தடவைதான்னா, பின் சீட்டை மடக்கி, ரெண்டு சக்கரத்தையும் கழட்டி, பழைய பெட்ஷீட் விரிச்சு உள்ளேயே படுக்க வைங்க. செலவு இல்லை, விழவும் விழாது. வாராவாரம்னா, லேசான சைக்கிள், உறுதியான கூரை, தூக்க ஆள் பலம் இருந்தா கூரை ரேக். முதுகில் ஸ்டெப்னி இருந்தா அது. கனமான சைக்கிளும் கம்பெனி கொடுத்த ஹிட்ச்சும் இருந்தா ஹிட்ச். டிக்கிப் பட்டை ரேக்கைக் குறைஞ்ச தூரத்துக்கு, உங்க மாடலுக்குப் பொருந்தும்னு ரேக் கம்பெனி சொன்னா மட்டும்.

ஒரு விஷயம் யோசிச்சா விநோதமா இருக்கு. நம்ம ஊரில் எல்லாத்தையும் சுமந்தது சைக்கிள்தான். பால் கேன், காஸ் சிலிண்டர், வாழைத்தார், பாரில் ஒண்ணு கேரியரில் ஒண்ணுன்னு ரெண்டு பிள்ளைங்க. இன்னைக்கு அதையே நாம சுமக்கிறோம். காரணம் எளிசு: வீட்டு வாசலிலேருந்து ஈசிஆர் வரைக்கும் சைக்கிளில் போக நமக்கு பயமா இருக்கு. நம்மை மாதிரி பயந்தாலும் வேற வழியில்லாம அதே ரோட்டில் சைக்கிளில் வேலைக்குப் போறவங்களும் இருக்காங்க. கிளம்பறதுக்கு முன்னாடி ரேக்கை ரெண்டு கையால பிடிச்சு ஒரு தடவை பலமா ஆட்டிப் பாருங்க. கார் ஆடணும், ரேக் ஆடக் கூடாது.