சுவர் துடைத்த மாவு

1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்தில் ஒரு கம்பெனி மெல்ல மூழ்கிக்கொண்டிருந்தது. குட்டால் என்று பெயர். அது விற்றது சுவர் துடைக்கும் மாவு. அந்தக் காலத்து வீடுகளில் குளிருக்கு நிலக்கரி எரிப்பார்கள். சுவரில் ஒட்டிய பூப்போட்ட காகிதத்தில் கரி படியும். தண்ணீர் பட்டால் காகிதம் போச்சு. அதனால் பிசைந்த மாவு உருண்டையைச் சுவரில் உருட்டிக் கரியை ஒற்றி எடுப்பார்கள். போருக்குப் பிறகு வீடுகள் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மாறின. கழுவக்கூடிய வினைல் காகிதம் வந்தது. மாவுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

கம்பெனியை நடத்திய ஜோ மெக்விக்கருக்கு உறவுக்காரப் பெண் ஒருவர் இருந்தார். கே ஸுஃபால். சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர். மாடலிங் களிமண் பிஞ்சுக் கைகளுக்கு ரொம்பக் கெட்டியாக இருக்கிறதே என்று யோசித்தவர், சுவர் துடைக்கும் மாவைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார். பிள்ளைகள் விடவில்லை. அவர் ஜோவுக்குச் சொன்னார். கம்பெனி அதற்கு வைக்க நினைத்த பெயர் ‘ரெயின்போ மாடலிங் காம்பவுண்ட்’. கேட்டாலே கொட்டாவி வரும் பெயர். ‘பிளே-டோ’ என்ற பெயர் ஸுஃபால் வீட்டிலிருந்து வந்தது. 1956-ல் அது கடைக்கு வந்தது, கம்பெனி பிழைத்துக்கொண்டது.

இன்றைக்கு அந்த டப்பாவைக் கடையில் விலை பார்க்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். உள்ளே இருப்பதில் பெரும்பகுதி மாவு, தண்ணீர், உப்பு. சப்பாத்திக்கு மாவு பிசையும்போது காலைச் சுற்றும் பிள்ளைக்கு ஒரு உருண்டையைக் கிள்ளிக் கொடுக்காத அம்மா நம்மில் யார்? அது ‘கிராஃப்ட்’ என்று யாரும் சொல்லவில்லை. சமையல் முடியும்வரை பிள்ளை சும்மா இருக்க ஒரு வழி, அவ்வளவுதான்.

வீட்டில் நடந்துகொண்டிருந்த இந்த மாதிரி விஷயங்களை ஒரு முறையாக எழுதி, பெட்டியில் போட்டு, பெயர் வைத்தவர் ஜெர்மனியின் ஃபிரெடரிக் ஃப்ரோபெல். 1782-ல் பிறந்தவர். ஒரு வயது முடியும் முன்பே அம்மாவை இழந்தவர். பெர்லினில் கனிமப் படிகங்களை ஆராய்ந்தவர். கனசதுரம், உருளை, கோளம் என்று அவர் பின்னாளில் பிள்ளைகளுக்குச் செய்த மரத்துண்டுகளில் அந்தப் படிக ஆராய்ச்சி தெரியும். 1837-ல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் தொடங்கினார். 1840-ல் அதற்கு ‘கிண்டர்கார்டன்’ என்று பெயர் வைத்தார். பிள்ளைகளின் தோட்டம்.

ஃப்ரோபெல் தந்தவற்றை இரண்டாகப் பிரிக்கலாம். ‘பரிசுகள்’ என்று அவர் அழைத்த விளையாட்டுப் பொருள்கள் ஒரு பக்கம். காகிதம் மடிப்பது, வெட்டுவது, காகிதப் பட்டைகளைப் பாய் மாதிரி முடைவது, ஊசியால் குத்திக் கோலம் போடுவது, களிமண் பிசைவது போன்ற கைவேலைகள் இன்னொரு பக்கம். ஊறவைத்த பட்டாணியில் குச்சி செருகி வீடு கட்டும் வேலைகூட உண்டு. (இரண்டு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் அதைச் செய்ய வேண்டாம். பட்டாணி நேராக மூக்குக்கோ தொண்டைக்கோ போகும்.)

முதல் பரிசு எது தெரியுமா? கம்பளி நூலால் ஆன ஆறு பந்துகள். ஆறும் ஆறு நிறம். நூலில் கட்டி, கைக்குழந்தை முன்னால் ஆட்டிக் காட்ட வேண்டும். அதைச் செய்ய வேண்டியவர் அம்மா, இடம் வீடு. 1844-ல் அவர் அம்மாக்களுக்காகவே ஒரு பாட்டுப் புத்தகமும் கொண்டுவந்தார், விரல் விளையாட்டுகளோடு. நம் பாட்டிகள் உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாகச் சோறு ஊட்டி, கை வழியே நண்டு ஏற விடுவதற்கு ஜெர்மன் பதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்துத் தாய்மார்கள் பிள்ளைகளோடு விளையாடுவதைப் பார்த்துத்தான் அவர் நிறையக் கற்றுக்கொண்டார். ஆக, அம்மாக்களிடமிருந்து எடுத்தது புத்தகமாகி அம்மாக்களிடமே திரும்பிப் போனது.

1851-ல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டனைத் தடை செய்தது. நாத்திகம், சோஷலிசம் என்று குற்றச்சாட்டு. அண்ணன் மகன் கார்ல் எழுதியதையும் இவர் எழுதியதையும் அதிகாரிகள் குழப்பிக்கொண்டதாகவும் சொல்வார்கள். கம்பளிப் பந்துக்குப் பயந்த அரசாங்கம் என்று சிரிக்கலாம். ஆனால் மறு ஆண்டே ஃப்ரோபெல் இறந்துபோனார். தடை 1860-ல்தான் நீங்கியது. அதற்குள் அவருடைய மாணவிகள் அதை வெளிநாடுகளுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். 1876-ல் தோக்கியோவில் ஒரு கிண்டர்கார்டன் திறக்கப்பட்டது. ஜப்பானிய ஓரிகாமியும் ஃப்ரோபெலின் காகித மடிப்பும் அங்கே ஒன்றோடொன்று கலந்தன.

ஃப்ரோபெலைக் கும்பிடத் தேவையில்லை. அவர் வழி வந்தவர்கள் அதைச் சடங்காக்கினார்கள். பெட்டியிலிருந்து கட்டைகளை எடுப்பதற்கு ஒரு முறை, மடிப்புக்கு ஒரு வரிசை, எல்லாப் பிள்ளையும் ஒரே நேரத்தில் ஒரே வடிவம். இப்போது நம் வாட்ஸ்அப் குழுக்களில் வரும் படங்களைப் பார்த்தால் அதே வாடை அடிக்கிறது. இருபது பிள்ளைகள் செய்த இருபது காகிதத்தட்டுச் சிங்கங்கள், எல்லாவற்றுக்கும் கண் சரியான இடத்தில். இரண்டு வயதுப் பிள்ளை ஒட்டிய கண் சிங்கத்தின் வயிற்றில் இருக்கும். சரியான இடத்தில் இருந்தால் அதை ஒட்டியது டீச்சர்.

அமெரிக்காவில் பேட்டி ஸ்மித் ஹில் இந்தச் சடங்கோடு சண்டை போட்டார். (‘ஹேப்பி பர்த்டே’ மெட்டு பிறந்த பாட்டுக்கு வரி எழுதியவரும் இவர்தான்.) மேசை மேல் குட்டிக் கட்டைகளை அடுக்கியது போதும் என்று, தரையில் போட்டுப் பிள்ளை உள்ளே நுழைகிற அளவுக்கு வீடு கட்டும் பெரிய கட்டைகளை உருவாக்கினார். ரூத் ஃபெய்சன் ஷா இன்னும் ஒரு படி போனார். ரோமாபுரியில் பள்ளி நடத்தியவர். ஒரு பையன் காயத்துக்குப் போட வைத்திருந்த ஐயோடினை எடுத்துக் குளியலறையில் பூசி விளையாடினானாம். அவர் திட்டவில்லை. விரலால் பூசுவதற்கென்றே வண்ணக்குழம்பு தயாரித்தார். 1934-ல் அது பற்றிப் புத்தகமும் எழுதினார்.

நம்ம ஊருக்கு இது எப்படி வந்தது? மலாய்ச் சொற்களைக் கவனியுங்கள். தாடிகா என்பது ‘தாமான் டிடிக்கான் கானாக்-கானாக்’. தாஸ்கா என்பது ‘தாமான் ஆசுஹான் கானாக்-கானாக்’. இரண்டிலும் முதல் சொல் தாமான், தோட்டம். ஃப்ரோபெலின் தோட்டம் இங்கே பத்திரமாக இருக்கிறது. தமிழில் நாம் ‘பாலர் பள்ளி’ என்றோம். தோட்டத்தை எடுத்துவிட்டுப் பள்ளியைப் போட்டோம். எனக்கு இது கொஞ்சம் உறுத்துகிறது.

ஒருவேளை காரணம் வேறாக இருக்கலாம். மலாயாத் தமிழனுக்குத் ‘தோட்டம்’ என்றால் ரப்பர்த் தோட்டம். அங்கே பிள்ளைகள் இருந்த இடத்துக்கு ஆயாக் கொட்டகை என்று பெயர். விடியும் முன்னே பால்வெட்டப் போகிற அம்மா, தூக்கம் கலையாத பிள்ளையை அங்கே விட்டுவிட்டுப் போவாள். வரிசையாகச் சேலைத் தொட்டில்கள், ஒரு வயதான ஆயா, ஒட்டி உலர்ந்த பால் டின்கள். 1939-ல் மரியா மாண்டிசோரி சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார், கொடைக்கானலில் சில ஆண்டுகள். முதல் ஆறு வயதைப் பற்றிய அவருடைய பெரிய புத்தகம், ‘தி அப்சார்பன்ட் மைண்ட்’, 1949-ல் சென்னையில்தான் அச்சானது. பிள்ளை தண்ணீர் ஊற்றட்டும், துணி மடிக்கட்டும், அதுவே அதன் வேலை என்றார் அவர். ஆயாக் கொட்டகையில் பிள்ளைகள் அதைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். அதை யாரும் குறித்துவைக்கவில்லை. தோட்டத்துக் கணக்கேட்டில் ஏறியது பாலின் எடை.

மூன்று வயதுத் தம்பிக்கு ஏழு வயது அக்காதான் ‘கிராஃப்ட் டீச்சர்’. ரப்பர் விதையில் துளை போட்டு நூல் கோர்த்துச் சுழல விடுவாள். தென்னை ஓலையில் பாம்பு, கடிகாரம், காற்றாடி. பால் டின்னில் சக்கரம் வைத்த வண்டி. எதுவும் மறுநாள்வரை தாங்காது. கே ஸுஃபாலின் பெயராவது பிற்பாடு செய்தித்தாளில் வந்தது. அந்த அக்காக்கள் இப்போது எழுபது, எண்பது வயதில் தாமான் வீடுகளில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒரு ஓலையை நீட்டினால் போதும், விரல் தானாக மடிக்கும். யாராவது அதைப் படம் பிடித்து, பெயரோடு எழுதி வைக்க வேண்டும். சீக்கிரம்.

ஹரிராயா நெருங்கும்போது சந்தையில் குருத்தோலைக் கெத்துப்பாட் கூடுகள் கட்டுக்கட்டாகத் தொங்கும். ஒரு ஓலை மேலே, ஒரு ஓலை கீழே. ஃப்ரோபெலின் காகிதப் பாய் முடைதலும் இதே கணக்குத்தான். இரண்டு வயதுப் பிள்ளையால் அதைப் பின்ன முடியாது. ஆனால் ஒரு கூட்டைக் கையில் கொடுத்துப் பாருங்கள். கால் மணி நேரம் சத்தமே வராது. பட்டை பட்டையாகப் பிரித்துப் போட்டுவிட்டு, இன்னொன்று கேட்கும்.