இன்சுலின் வடிவமைப்புகள்

இன்சுலின் ஹார்மோனின் எக்ஸ்-கதிர் படிகவியல் வரைபடங்களிலிருந்து 1951ஆம் ஆண்டு பிரிட்டன் திருவிழாவுக்காக உருவான சுவர்த்தாள் உள்ளிட்ட அலங்கார வடிவமைப்புகள். படிக வரைபடங்கள் அலங்காரக் கலைக்குப் பயன்படும் என்று கேம்பிரிட்ஜ் படிகவியலாளர் ஹெலன் மெகாவ் 1946இலேயே எடுத்துரைத்தார். தொழில் வடிவமைப்பு மன்றத்தைச் சேர்ந்த மார்க் ஹார்ட்லண்ட் தாமஸ் பின்னர் ‘திருவிழா வடிவமைப்புக் குழு’வை அமைத்தார். மெகாவ் அதன் அறிவியல் ஆலோசகரானார். 28 உற்பத்தி நிறுவனங்கள் பங்கேற்றன. ஹீமோகுளோபின், நைலான், மைக்கா போன்றவற்றின் படிக அமைப்புகளும் எடுத்தாளப்பட்டன. இன்சுலின் வரைபடங்கள் படிகவியலாளர் டோரதி ஹாட்ஜ்கினின் ஆய்விலிருந்து கிடைத்தவை. ராபர்ட் செவன்ட் வரைந்த இன்சுலின் சுவர்த்தாளை ஜான் லைன் நிறுவனம் அச்சிட்டது. லண்டன் தேம்ஸ் தென்கரையில் இருந்த ரெகாட்டா உணவகத்தில் குழுவின் வடிவமைப்புகள் இடம்பெற்றன.

இவற்றை இன்சுலினின் உருவப்படம் என்று கொள்வது பொருந்தாது. ஹாட்ஜ்கின் 1935இல் இன்சுலின் படிகத்தை எக்ஸ்-கதிரில் படமெடுத்தார். அதன் முப்பரிமாண அமைப்பு தெளிவானதோ 1969இல்தான். இடைப்பட்ட காலத்தில் கையில் இருந்தவை, அணுக்களுக்கு இடையிலான தொலைவுகளையும் திசைகளையும் சமவுயரக் கோடுகளாகக் காட்டிய வரைபடங்களே. அணு எங்கே இருக்கிறது என்பதை அவை நேராகச் சொல்லவில்லை. ஆகவே சுவரில் ஒட்டப்பட்டது ஹார்மோனின் தோற்றமன்று, அதைப் பற்றி அன்று திரட்டப்பட்டிருந்த சான்று. இவ்வடிவமைப்புகளின் மதிப்பும் இதில்தான் அடங்கியுள்ளது: பின்னாளில் அமைப்பு கண்டறியப்பட்டபோதும் அந்த அளவீடுகள் பொய்யாகிவிடவில்லை, கற்பனையாக ஒரு மூலக்கூறை வரைந்திருந்தால் அது அன்றே காலாவதியாகியிருக்கும்.

இவற்றை ஹார்மோனைப் பற்றிய கலையாகக் கொள்வதற்கு எதிராக, இவை வெறும் அலங்காரம் என்பது ஓர் ஆட்சேபம். ஆனால் ஓர் அலகு திரும்பத் திரும்ப வந்து பரப்பை நிரப்புவது படிகத்துக்கும் சுவர்த்தாளுக்கும் பொதுவான இலக்கணம். தளத்தில் இத்தகைய சமச்சீர் வகைகள் 17 மட்டுமே என்பது கணிதம் நிறுவிய உண்மை. அலங்காரத்துக்குத் தேவையான ஒழுங்கு மூலப்பொருளிலேயே இருந்தது. இதைவிட வலுவானது இன்னோர் ஆட்சேபம்: ஹார்மோன் என்பது செய்தி கொண்டு செல்லும் மூலக்கூறு, அசைவற்ற படிகத்தில் அச்செயல் எங்கே? இரத்தத்தில் கலந்து செல்களின் ஏற்பிகளைச் சென்றடையும் பயணம் இவ்வடிவமைப்புகளில் இல்லை என்பது உண்மையே. ஆயினும் படிகம் உடலுக்கு அந்நியமான நிலையன்று. கணையத்தின் பீட்டா செல்களில் இன்சுலின், துத்தநாகத்தோடு ஆறு மூலக்கூறுகள் கொண்ட தொகுதிகளாக, பெரும்பாலும் படிக வடிவில், சேமிக்கப்படுகிறது. இரத்தத்தில் கலந்தபின் தனி மூலக்கூறாகப் பிரிந்தே செயல்படுகிறது. ஹாட்ஜ்கின் ஆராய்ந்ததும் துத்தநாக இன்சுலின் படிகமே. எனவே இவ்வடிவமைப்புகள் ஹார்மோனின் வாழ்வில் ஒரு கட்டத்தை மட்டும், செய்தி புறப்படுவதற்கு முந்தைய நிலையை மட்டும், சார்ந்தவை. உடலின் வேதிச் சமிக்ஞையைக் கருவாகக் கொண்ட கலையாக அவற்றை ஏற்கலாம். அச்சமிக்ஞையின் முழு விளக்கமாக ஏற்க இயலாது.