ஹாலில் பாய் விரித்த காலம்

வீடு அழகாக இருக்க வேண்டுமா, வாழ்வதற்கு வசதியாக இருக்க வேண்டுமா என்பதுதான் இன்றைய கலந்துரையாடலின் தலைப்பு. "இரண்டுமே வேண்டும்" என்று எல்லாரும் சொல்லிவிட்டால் நிகழ்ச்சி ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுமே என்ற பயம் தயாரிப்பாளருக்கு வந்திருக்க வேண்டும். ஆகவே உள்ளலங்கார வல்லுநர்கள் பேசத் தொடங்குமுன், சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகளின் உட்புறம் எப்படியெல்லாம் மாறி வந்திருக்கிறது என்பதை முன்னுரையாகச் சொல்லும்படி என்னிடம் கேட்டுக்கொண்டார். நான் படித்தது ஊடகத்துறை, கட்டடக்கலை அல்ல. மற்றவர்களைப் பேசவைத்துக் கேட்பதே என் வேலை. என்றாலும் இந்த வரலாற்றைப் புரட்டியபோது ஒன்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் அறைக்கு ஒரே ஒரு வேலைதான் என்ற எண்ணம் நமக்குப் புதியது. சிறிய வீட்டில் பெரிய குடும்பம் வாழ முடிந்ததற்குக் காரணம், ஒரே இடம் ஒரு நாளைக்கு நான்கு வேலை பார்த்ததுதான்.

அடுக்குமாடிக்கு முந்திய காலத்தை எண்ணிப் பாருங்கள். கம்பத்தில் பலகை வீடு, கடைவீட்டு மாடியில் பலகை தடுத்த சின்னச் சின்ன அறைகள், நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பு, செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பு. நம்மவர்கள் வாழ்ந்த இடங்கள் பெரும்பாலும் இவைதாம். கட்டில் என்பது எல்லார் வீட்டிலும் இருந்த பொருளன்று. பாய் இருந்தது. பகலில் அதைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்திவிட்டால் தூங்கிய இடமே சாப்பிடும் இடம், பிள்ளைகள் படிக்கும் இடம், விருந்தினர் உட்காரும் இடம்.

1927ல் பிரிட்டிஷ் ஆட்சி சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிறுவனத்தை அமைத்தது. தியோங் பாருவில் இன்று சுற்றுப்பயணிகள் படம் பிடிக்கும் வளைவான மாடி வீடுகள் 1930களில் அது கட்டியவை. ஆனால் 32 ஆண்டுகளில் அது கட்டியது ஏறக்குறைய 23,000 வீடுகள் மட்டுமே. 1960 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், நம் வழக்கில் வீவக, முதல் ஐந்தே ஆண்டுகளில் 50,000க்கும் அதிகமான வீடுகளைக் கட்டி முடித்தது. இடையில் 1961 மே 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீ கம்பத்தைத் தீ விழுங்கியது. ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தார்கள். அவர்களுக்கு அவசரமாக வீடு வேண்டியிருந்தது. அழகைப் பற்றி யோசிக்க நேரமில்லை. கூரை, குழாயில் தண்ணீர், மின்விளக்கு, சொந்தக் கழிவறை. தெருக்குழாயில் வரிசை பிடித்தவர்களுக்கு அதுவே அரண்மனைதான்.

ஈரறை, மூவறை என்ற கணக்கைப் பார்த்து வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள். மூவறை வீடு என்றால் படுக்கையறை இரண்டுதான். ஹாலும் ஓர் அறையாகக் கணக்கில் வந்துவிடும். அந்தக் கணக்கில் ஓர் உண்மை இருக்கிறது என்பேன். ஏனென்றால், 1960களிலும் 70களிலும் அந்த ஹால் உண்மையிலேயே இரவில் படுக்கையறையாகத்தான் இருந்தது. அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, ஐந்தாறு பிள்ளைகள், ஊரிலிருந்து வேலை தேடி வந்த மாமா. இவர்களை எல்லாம் இரண்டு படுக்கையறைக்குள் எப்படி அடக்குவது? ஒன்பது மணிச் செய்தி முடிந்ததும் நாற்காலிகள் ஓரத்துக்குப் போகும், பாய்கள் விரியும். வரைபடம் போட்டவர்கள் ஓர் இடத்துக்கு ஒரு பெயர் எழுதினார்கள். குடியிருந்தவர்கள் அந்தப் பெயரைப் பொருட்படுத்தவில்லை.

வீட்டை அழகுபடுத்த வேண்டும் என்ற ஆசை எப்போது வந்தது? ஆசை எப்போதும் இருந்திருக்கும். ஆனால் வாடகை வீட்டில் யார் காசைப் போட்டுத் தரையில் ஓடு பதிப்பார்கள்? 1964ல் வீட்டு உரிமைத் திட்டம் வந்தது. 1968ல் மத்திய சேம நிதிப் பணத்தை எடுத்து வீடு வாங்கலாம் என்று விதி தளர்ந்தது. உள்ளலங்கார வரலாற்றில் நான் பெரிதாகக் கருதும் ஆண்டு இந்த 1968. வீடு நம்முடையது என்றான பிறகுதான் சிமெண்டுத் தரைமேல் மொசைக் வந்தது, வாசலில் பூவேலை போட்ட இரும்புக் கதவு வந்தது, சுவரில் தைரியமாக ஆணி இறங்கியது. 1972 முதல் 1989 வரை வீவக 'அவர் ஹோம்' என்று ஓர் இதழே நடத்தியது. குடியிருப்பாளர்கள் தங்கள் வீட்டை எப்படி அலங்கரித்திருக்கிறார்கள் என்று அதில் படத்தோடு வரும். கம்பத்திலிருந்து வந்தவர்களுக்கு மாடி வீட்டில் வாழக் கற்றுக்கொடுத்த பாடப்புத்தகம் என்றுகூட அதைச் சொல்லலாம். அழகு என்றால் ஒழுங்கு, ஒழுங்கு என்றால் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் என்ற பாடம் அங்கிருந்தும் வந்தது.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1963 பிப்ரவரி 15ஆம் தேதி அன்றைய கலாசார அமைச்சர் எஸ். ராஜரத்தினம் சிங்கப்பூர்த் தொலைக்காட்சியைத் தொடங்கி வைத்தார். ஆரம்பத்தில் பலர் சமூக மன்றத்துக்குப் போய்த்தான் பார்த்தார்கள். வீட்டுக்குள் பெட்டி வந்த பிறகு ஹாலின் முகமே மாறிவிட்டது. அதுவரை நாற்காலிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு எல்லாம் ஒரே பக்கம் திரும்பின. 1974ல் வண்ணத் தொலைக்காட்சி வந்ததும் பெட்டிக்கு மரியாதை இன்னும் கூடியது. அதற்கென்று ஒரு 'ஷோகேஸ்' அலமாரி. நடுவில் பெட்டி, சுற்றிலும் பிள்ளைகளின் பரிசுக் கோப்பைகள், ஊரிலிருந்து கொண்டுவந்த தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை, யாரும் ஒருநாளும் எடுத்துக் குடிக்காத கண்ணாடிக் குவளைகள். இன்று அந்த ஷோகேஸைப் பார்த்துச் சிரிக்கிறோம். என்னைக் கேட்டால் அதைத் தூக்கி எறிவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம். குடும்பத்தின் வரலாறு முழுவதும் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக நின்ற இடம் அது.

ஒரே வரைபடம்தான், ஆனால் உள்ளே போனால் மூன்று உலகம். சீனக் குடும்பம் முன்கதவைப் பார்த்தபடி வழிபாட்டு மேடை வைக்கும். மலாய்க் குடும்பத்தில் நோன்புப் பெருநாளுக்குத் திரைச்சீலை மாறும். கல்யாணம் என்றால் ஹாலிலேயே மணமக்கள் அமரும் பெலாமின் மேடை எழும்பும். நம் வீட்டில் சாமிக்கு எந்த இடம்? இதற்கு வரைபடத்தில் பதிலே கிடையாது. கிழக்குப் பார்க்க வேண்டும், கழிவறைச் சுவரை ஒட்டி இருக்கக்கூடாது, காலை நீட்டிப் படுக்கும் பக்கமாக இருக்கக்கூடாது. இத்தனையும் பார்த்தால் மூவறை வீட்டில் மிஞ்சுவது ஒரு மூலை. பலர் சமையலறை மேடைக்கு மேலேயே ஒரு பலகை அடித்துச் சாமி படங்களை வைத்தார்கள். வசதி வந்து நாலறை, ஐயறை வீட்டுக்கு மாறியவர்கள் பண்டக அறையைச் சாமி அறையாக்கினார்கள். வாசலில் மாவிலைத் தோரணம் கட்டினால் நடைபாதையில் போகிறவர்களுக்கும் தெரியும், இது தமிழர் வீடு என்று. கோலத்துக்குத்தான் சிக்கல், வாசல் நம்முடையது, அதற்கு வெளியே இருப்பது பொது நடைபாதை.

சமையலறையைப் பற்றி ஒரு நிகழ்ச்சியே நடத்தலாம். அம்மியும் ஆட்டுக்கல்லும் மாடி ஏறி வந்தன. பத்தாவது மாடியில் மாவாட்டினால் ஒன்பதாவது மாடிக்காரருக்குத் தூக்கம் போகும். மின்சார அரவை இயந்திரம் வந்துதான் அண்டை வீட்டாருக்குள் சமாதானம் வந்தது. பழைய வீடுகளில் சமையலறை பின்பக்கம், சன்னலோடு இருந்தது. அதற்குக் காரணம் இருக்கிறது. புகை வெளியே போக வேண்டும், துணிக் கம்பை வெளியே நீட்ட வேண்டும். குப்பைக் குழாய்கூட அன்று சமையலறைக்குள்ளேதான். 1989 முதல் கட்டிய புளோக்குகளில்தான் அது பொதுவாக வீட்டுக்கு வெளியே போனது. இன்றோ சுவரை இடித்து ஹாலோடு சேர்த்துத் 'திறந்த சமையலறை' ஆக்குவது நாகரிகம். படத்தில் பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் அந்தப் படம் எடுத்தவர் காய்ந்த மிளகாய் தாளித்துப் பார்க்கவில்லை. கருவாடு பொரித்த அன்று சோபாவில் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

1990களில் பணம் வந்தது. குத்தகையாளர்கள் வந்தார்கள், பொய்க்கூரை வந்தது, அதற்குள் ஒளிந்த விளக்குகள் வந்தன. வீவக வீட்டின் உயரம் ஏறக்குறைய 2.6 மீட்டர்தான். அதில் பொய்க்கூரையையும் அடித்து மின்விசிறியையும் மாட்டினால் தலைக்கு மேல் என்ன மிஞ்சும் என்று பலர் கணக்குப் பார்க்கவில்லை. 2000களில் பாலித் தீவு உல்லாச விடுதி பாணி, அதன் பின் வெள்ளைச் சுவரும் வெற்றிடமும். பாணி எதுவானாலும் ஒரு மாற்றம் மட்டும் நிலைத்துவிட்டது. அதுதான் சுவரோடு சேர்த்துச் செய்யும் மரச்சாமான்கள். மேடைக் கட்டில், சுவர் அலமாரி, பொருத்திய சாப்பாட்டு மேசை. இடத்தை மிச்சப்படுத்துகிறோம் என்றுதான் செய்கிறோம். ஆனால் நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாய் விரிக்கலாம்; சுவரில் பொருத்தியதை எங்கே தள்ளுவது? குழந்தை பிறந்தால் ஒருமுறை இடிக்கிறோம், அது வளர்ந்தால் மறுபடி இடிக்கிறோம். இன்றைய நாலறை வீடு ஏறக்குறைய 90 சதுர மீட்டர். அன்றைய மூவறையைவிடப் பெரியது, குடும்பமோ சிறியது. இருந்தும் "இடமே இல்லை" என்ற குறை தீரவில்லை என்றால், குறை சதுர மீட்டரில் இல்லை.

1998 முதல் கட்டப்பட்ட புதிய வீவக வீடுகளில் பாதுகாப்பு அறை வந்தது. 'பாம் ஷெல்டர்' என்றால்தான் எல்லாருக்கும் புரியும். தடித்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு, இடிக்கக்கூடாது. அரிசி மூட்டையும் மெத்தைப் பெட்டியும் போய்ச் சேரும் இடம் அதுவாகிவிட்டது. இதை ஒட்டி ஒரு கேள்வி, அலங்காரப் படங்களில் வராத கேள்வி. 1978 முதல் வெளிநாட்டு இல்லப் பணிப்பெண்களை வேலைக்கு அமர்த்த வழி பிறந்தது. நம் வீட்டைத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருப்பவர் அவர்தான். அவர் எங்கே படுக்கிறார்? குத்தகையாளரிடம் காட்டும் வரைபடத்தில் காலணி அலமாரிக்கு இடம் குறிக்கிறோம். பணிப்பெண்ணுக்கு?

அதேபோல்தான் முதியவர்களும். அந்தக் காலத்தில் தாத்தா ஹாலில் படுத்தார் என்றால் வீட்டின் நடுவில் இருந்தார் என்று பொருள். வருகிறவர், போகிறவர் எல்லாரும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். இப்போது அவருக்குத் தனியறை கிடைத்திருக்கலாம். ஆனால் கதவு சாத்தியிருக்கிறது. அரசாங்கமும் இதைக் கவனிக்காமல் இல்லை. 2012ல் தொடங்கிய 'ஈஸ்' திட்டத்தில் குளியலறைக்குக் கைப்பிடி, வழுக்காத தரை, வாசலுக்குச் சாய்தளம் முதலியவற்றைச் செய்து கொடுக்கிறார்கள். செலவில் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. 2013ல் மூன்று தலைமுறை சேர்ந்து வாழ்வதற்கென்றே நான்கு படுக்கையறை கொண்ட வீடுகள் யீஷூனில் விற்பனைக்கு வந்தன. ஆனாலும் "குளியலறைக் கைப்பிடி பார்க்க ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது, வேண்டாம்" என்கிற மகன்களும் மகள்களும் இருக்கிறார்கள். பளிங்குத் தரையில் வயதானவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அந்த வீட்டின் நேர்த்தியைப் பார்த்து யார் மகிழ்வது?

2020ல் வந்த சோதனையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நோய்ப்பரவல் முறியடிப்புக் காலம். சாப்பாட்டு மேசை அலுவலகமானது, படுக்கையறை பள்ளிக்கூடமானது, பாம் ஷெல்டரில் உட்கார்ந்து கூட்டம் நடத்தியவர்களும் உண்டு. அந்த ஆண்டுத் தீபாவளிக்கு ஒரு வீட்டுக்கு ஐந்து விருந்தினருக்கு மேல் வர அனுமதியில்லை. சுவரோடு பொருத்தாத ஒரு மேசையும், மடக்கி வைக்கக்கூடிய நான்கு நாற்காலிகளும் வைத்திருந்தவர்கள் ஓரளவு சமாளித்தார்கள். திறந்த சமையலறைக்காரர்கள் குக்கர் விசிலையும் மேலாளரின் குரலையும் சேர்த்தே கேட்டார்கள்.

இப்போது சக்கரம் வேறு பக்கம் திரும்புகிறது போலும். 2024 அக்டோபரில் வீவக காலாங், வாம்போ வட்டாரத்தின் கிராஃபர்ட் ஹைட்ஸ் திட்டத்தில் 'ஒயிட் ஃபிளாட்' என்ற வகையை முன்னோடித் திட்டமாக விற்பனைக்கு விட்டது. உள்ளே ஹாலுக்கும் படுக்கையறைகளுக்கும் இடையே தடுப்புச் சுவர் கிடையாது. எங்கே அறை வேண்டும், அறை வேண்டுமா வேண்டாமா என்பதைக் குடியிருப்பவரே முடிவு செய்யலாம். புதுமை என்று செய்தி வந்தது. ஒரே பெரிய இடத்தைப் பகலுக்கு ஒன்று இரவுக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டு வாழ்ந்த பாட்டிமார்களைக் கேட்டால் இதில் என்ன புதுமை என்பார்கள்.

என் பங்கு முடிந்தது. இங்கே அமர்ந்திருக்கும் வல்லுநர்கள் மூவரும் தத்தம் வரைபடங்களோடு வந்திருக்கிறார்கள். மூன்றையும் நிகழ்ச்சிக்கு முன்பே பார்த்துவிட்டேன். மூன்றும் அழகாக இருக்கின்றன. முதல் கேள்வியை நானே கேட்டுவிடுகிறேன். ஊரிலிருந்து அத்தை ஒரு மாதம் தங்க வருகிறார், முழங்கால் வலிக்காரர். உங்கள் வரைபடத்தில் அவருக்குப் படுக்கை எங்கே?