விழுங்கப்படாத மாத்திரைகள்

1948-ஆம் ஆண்டு புதுமைப்பித்தன் திருவனந்தபுரத்தில் காசநோயால் மறைந்தார். அதே ஆண்டு அக்டோபரில், ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் புது மருந்தைக் காசநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பிரிட்டிஷ் ஆய்வின் முடிவுகள் வெளியாயின. இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, 'இன்னும் சில காலம் தாக்குப்பிடித்திருந்தால்' என்ற ஏக்கம் நமக்கு எழுவது இயல்பே. ஆனால் அந்த ஆய்வின் பிற்கதை அறிந்தவர்களுக்கு அவ்வேக்கம் நெடுநேரம் நிலைக்காது.

ஆய்வில் மருந்து பெற்றவர்கள் 55 பேர். வெறும் படுக்கை ஓய்வு பெற்றவர்கள் 52 பேர். ஆறு மாத முடிவில் முதல் குழுவில் 4 பேரும் இரண்டாவதில் 14 பேரும் இறந்திருந்தனர். வெற்றி என்றுதான் எவருக்கும் தோன்றும். ஐந்தாண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோதோ, மருந்து பெற்றவர்களில் 32 பேரும் பெறாதவர்களில் 35 பேரும் இல்லை. மருந்து தோற்றதன் முக்கியக் காரணம், கிருமிகள் அதை எதிர்க்கப் பழகிவிட்டதே.

'பழகிவிட்டன' என்பது பேச்சு வழக்கு. உண்மையில் கிருமி எதையும் கற்றுக்கொள்வதில்லை. கிருமிகள் பெருகும்போது ஐசோநியாசிட் மருந்துக்கு மசியாத ஒன்று, ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒன்றாகத் தானாகவே தோன்றிவிடும். ரிஃபாம்பிசினுக்கு மசியாதது பத்துக் கோடியில் ஒன்று. நுரையீரலில் விழுந்த ஒரு குழியில் பத்துக் கோடிக் கிருமிகள் இருக்கலாம். ஆகவே ஒற்றை மருந்து, எளியவற்றைக் கொன்று வலியவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், இரண்டுக்கும் தப்பும் கிருமி கோடி கோடியில் ஒன்று. கூட்டு மருந்துச் சிகிச்சையின் கணக்கு இதுதான். நோயாளி ஒரு மருந்தை மட்டும் விட்டாலும், விட்டுவிட்டுச் சாப்பிட்டாலும் இக்கணக்கு குலைகிறது.

இக்கணக்கைச் சாமானியர் வாழ்வில் பரிசோதித்த இடம் நம் சென்னை. புறநகர் ரயிலில் போகிறவர்கள் அன்றாடம் கடக்கும் 'தாம்பரம் சானடோரியம்' நிலையத்தின் பெயரில் ஒரு பழைய நம்பிக்கை தங்கியிருக்கிறது. 1928-இல் மருத்துவர் சௌரி முத்து அங்கே காசநோய் விடுதியைத் தொடங்கியபோது, நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு ஆகியவையே மருந்து. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன் படுக்கைகள் எம்மாத்திரம்? 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நோயாளிகளை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் விடுதியில். மற்றவர் தம் நெருக்கடியான வீடுகளிலேயே. மருந்து இருவருக்கும் ஒன்றே: ஐசோநியாசிட்டும் பாஸும், ஓராண்டுக்கு. வீட்டிலிருந்தோர் உண்டது குறைவு, உழைத்தது அதிகம். எனினும் 1959-இல் வெளியான முடிவின்படி விடுதியில் 92 விழுக்காட்டினரும் வீட்டில் 86 விழுக்காட்டினரும் நலம் பெற்றனர். உடன் வாழ்ந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து நேரவில்லை. உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வர இது ஒரு பெருங்காரணமாயிற்று.

விடுதியை விட்டு வெளியேறிய மருத்துவம் ஒரு புதிய கேள்வியைச் சந்தித்தது. வீட்டில் கொடுத்தனுப்பிய மாத்திரை விழுங்கப்படுகிறதா? சேத்துப்பட்டு ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினார்கள்; சிறுநீரைச் சோதித்தார்கள். இருமல் நின்று உடல் தேறியதும் குமட்டும் மருந்தை ஓரம் கட்டுவது மனித இயல்பு என்று தெரிந்தது. இதிலிருந்தே, ஊழியர் கண்முன் மருந்து உட்கொள்ளும் முறை உருவாயிற்று. 1997-இல் இந்திய அரசு வாரம் மும்முறை என்ற அளவில் அதை நாடு தழுவிய திட்டமாக்கியது. 2017-இல் தினசரி மருந்துக்கு மாறியது.

ஆயினும் பழியை நோயாளியின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமா? மும்பை தாராவிப் பகுதியில் தனியார் மருத்துவர்கள் 106 பேரிடம் மருந்துச் சீட்டு எழுதக் கேட்ட ஆய்வு 2010-இல் வெளிவந்தது. அவர்கள் எழுதியவை 63 விதம்; சரியாக எழுதியவர்கள் 6 பேர். அதே நகரத்தில்தான் சோதித்த எந்த மருந்துக்கும் மசியாத காசநோய் 2012-இல் தலைப்புச் செய்தியானது. மேலும், எதிர்ப்புக் கிருமியை இன்னொருவரின் இருமலிலிருந்து நேரடியாகப் பெற்றவர்கள் பலர். அவர்கள் ஒரு மாத்திரையையும் தவறவிட்டவர்கள் அல்லர். மருந்தை நிறுத்தியவர்களிலும், ஒருநாள் கூலியை இழந்து மருந்து வாங்க வரிசையில் நிற்க இயலாதவர் எத்தனை பேர்!

இப்போது வழி சற்றுச் சுருங்கியிருக்கிறது. முன்பு இரண்டாண்டு வரை நீண்ட, செவித்திறனைக் கூடப் பறித்த ஊசிகள் கொண்ட சிகிச்சைக்கு மாற்றாக, பெடாகுவிலின் உள்ளிட்ட ஆறு மாத வாய்வழிச் சிகிச்சையை 2022-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. 2024-இல் இந்தியா ஏற்றது.

சொற்களில் அக்கறை கொண்டவர்கள் என்பதால் ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். சிகிச்சையை இடையில் விட்டவரைப் பதிவேடுகள் நெடுங்காலம் 'டிஃபால்டர்' என்றே குறித்தன. வங்கிக் கடனைக் கட்டத் தவறியவருக்கும் அதே சொல்தான். 2013-இல் உலக சுகாதார நிறுவனம் அதை விலக்கி, தொடர்பு விடுபட்டவர் என்று பொருள்படும் சொல்லை ஏற்றது. தொடர்பு என்றால் அதற்கு இரு முனைகள் உண்டு. அறுந்தது எந்த முனையில் என்று கேட்க அந்தப் புதிய சொல் இடம் தருகிறது.