பெனிசிலினுக்கு அடங்காத கிருமி

மருந்துகளின் வரலாற்றில் பெனிசிலினுக்கு நிகரான புகழ் பெற்றவை மிகச் சிலவே. 1928ஆம் ஆண்டு லண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் கண்டறிந்த அம்மருந்து, இரண்டாம் உலகப் போர் முடிவுற்றபோது பொதுமக்களுக்கும் கிட்டலாயிற்று. புண் புரையோடி உயிர் துறக்கவிருந்தோர் பிழைத்தெழுந்தனர். உலகம் மகிழ்ந்திருந்த அந்நாளிலேயே, அம்மருந்தின் வலிமை குன்றி வருவதைக் கணக்கெடுத்துக் காட்டினார் மேரி பார்பர் என்னும் அம்மையார். அக்கணக்கின் வரலாற்றை இன்று நாம் காண்போம்.

பார்பர், மேற்கு லண்டனிலுள்ள ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் கிருமியியல் ஆராய்ச்சியாளராகப் பணியாற்றியவர். சீழ்ப் புண்களை உண்டாக்கும் ஸ்டாபிலோகாக்கஸ் கிருமியே அவருடைய ஆராய்ச்சிப் பொருள். நோயாளியிடமிருந்து எடுத்த கிருமியைச் சோதனைச்சாலையில் வளர்த்து, பெனிசிலின் அதன் வளர்ச்சியைத் தடுக்கின்றதா என்று பார்த்தனர். 1946ஆம் ஆண்டில் நூற்றுக்குச் சுமார் 14 கிருமி வகைகளே மருந்துக்கு அடங்காதிருந்தன. 1947இல் அத்தொகை 38 ஆயிற்று. 1948இல் 59 ஆயிற்று. இரண்டே ஆண்டுகளில் நேர்ந்த மாற்றம் இது.

இதற்குக் காரணம் யாது? பெனிசிலினைச் சிதைக்கும் நொதி ஒன்று சில கிருமிகளிடம் உண்டு என்பதை ஆபிரகாம், செயின் என்னும் விஞ்ஞானிகள் 1940ஆம் ஆண்டிலேயே அறிவித்திருந்தனர். அந்நொதியை உடைய கிருமிகளே மருத்துவமனையில் பெருகின எனப் பார்பர் கண்டார். நெல் வயலில் களை பறிக்கும்போது, நெற்பயிரைப் போலவே தோன்றும் புல் கைக்குத் தப்பி நிற்கிறது. பின்னர் அதுவே வயலெங்கும் மண்டுகிறது. அவ்வாறே, மருந்துக்கு அடங்கும் கிருமிகள் மாள, அடங்காதவை எஞ்சி, ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவரைத் தொற்றின.

நோயின் காரணத்தை உணர்ந்தவர், அதற்கு மாற்றும் தேடினார். 1950களின் இறுதியில் அம்மருத்துவமனையில் பெனிசிலின் வழங்குவதைக் கட்டுப்படுத்தினர். தொற்றுப் பரவாமல் காக்கும் முறைகளைக் கடுமையாக்கினர். அதன் பயனாக அடங்காத கிருமிகளின் தொகை குறைந்ததெனப் பார்பரும் அவருடைய குழுவினரும் 1960ஆம் ஆண்டு வெளியிட்டனர். இழந்த வலிமையை ஓரளவேனும் மீட்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. எனினும், புதிதாக வந்த மெதிசிலின் என்னும் மருந்துக்கும் அடங்காத கிருமிகள் 1961இல் அறியப்பட்டன. 1965ஆம் ஆண்டு பார்பர் சாலை விபத்தொன்றில் காலமானார்.

மறு ஆண்டில் இத்துறைக்கு வேறோர் உதவி கிட்டியது. அதுகாறும் மருந்தின் திறனை ஒவ்வொரு சோதனைச்சாலையும் தத்தம் முறையில் அளந்து வந்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பாவர், கிர்பி, ஷெரிஸ், டர்க் ஆகிய நால்வர் 1966ஆம் ஆண்டு ஒழுங்கான முறை ஒன்றை வகுத்தளித்தனர். கிருமி பரப்பிய தட்டின்மீது மருந்து தோய்ந்த சிறு காகித வில்லைகளை வைப்பர். மறுநாள், வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை மில்லிமீட்டரில் அளப்பர். வட்டத்தின் அளவை அந்தந்த மருந்துக்குரிய அட்டவணையோடு ஒப்பிட்டு, அம்மருந்து பயன்படுமா என்று கூறுவர். இம்முறை இன்றும் வழக்கிலுள்ளது.

அயல் மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இவ்வரலாறு மிகவும் வேண்டுவது. மொழி பழகாத ஊரில் டாக்டரைத் தேடிச் சென்று நோயை எடுத்துரைப்பது எளிதன்று. மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்குவதோ எளிது. மாத்திரைப் பட்டையிலுள்ள சிவப்புக் கோடு, டாக்டரின் சீட்டின்றி அதனை உட்கொள்ளலாகாது என்பதற்கு அடையாளம். எம்மொழியிலும் புரியும் அடையாளம் அது. டாக்டர் கிருமிச் சோதனை வேண்டுமென்றால் அதற்கு நாம் இணங்குவோம். முடிவுத் தாளையும் பேணி வைப்போம். ஊர் மாறிச் சென்றாலும், நம் நோயை அடுத்த டாக்டருக்கு அத்தாள் எடுத்துரைக்கும்.