பாதியில் நிறுத்திய பாடம்



1848 செப்டம்பர் 13. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம், கேவன்டிஷ் ஊர். ரயில் பாதை போடப் பாறைக்கு வெடி வைத்துக்கொண்டிருந்தார்கள். 25 வயது மேஸ்திரி பினியஸ் கேஜ் துளைக்குள் மருந்தைக் கெட்டித்துக்கொண்டிருந்தபோது அது வெடித்துவிட்டது. மூன்றரை அடி நீளம், ஆறு கிலோ எடையுள்ள இரும்புக் கம்பி இடது கன்னத்தில் நுழைந்து உச்சந்தலை வழியே பறந்தது. ஆள் சாகவில்லை, சில நிமிடங்களில் பேசினார்.

பிழைக்க வைத்த மருத்துவர் ஜான் ஹார்லோ 1868இல் எழுதிய அறிக்கைதான் முக்கியம். நிதானமாகத் திட்டம் போட்டு வேலை வாங்கியவர், விபத்துக்குப் பின் பொறுமை இழந்தார். வாயில் வசவு வந்தது. போட்ட திட்டங்களை உடனே கைவிட்டார். பழைய வேலை திரும்பக் கிடைக்கவில்லை. யோசித்துச் செய்வதும் கோபத்தை அடக்குவதும் நெற்றிக்குப் பின்னுள்ள மூளையைச் சார்ந்தவை என்று உலகம் யோசிக்கத் தொடங்க இவரும் ஒரு காரணம்.

வகுப்பில் நான் இத்தோடு நிறுத்திவிடுவேன். அது பாதிக் கதை.

1852இல் கேஜ் சிலி நாட்டுக்குப் போய், சுமார் ஏழு ஆண்டுகள் ஆறு குதிரை பூட்டிய பயணிகள் வண்டியை ஓட்டினார். நிதானமில்லாதவரால் ஆகிற காரியமா? தினமும் ஒரே ஒழுங்கில் செய்த அந்த வேலையே அவரை மெல்ல மீட்டிருக்கலாம் என்கிறார்கள் பிற்கால ஆய்வாளர்கள் சிலர். 1860இல் வலிப்பு கண்டு இறந்தார்.

"இவன் தேறமாட்டான்" என்று நானும் சில பையன்களைச் சொன்னதுண்டு. அவர்களின் மீதிக் கதையையும் நான் கேட்கவில்லை.