கீரி கொன்றவளும் கோழி இழந்தவளும்

சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், மதுரைக்கு வெளியே, மாடலன் கோவலனுடைய பழைய நற்செயல்களை அவனுக்கே எடுத்துச் சொல்கிறான். அவற்றில் ஒன்று கீரிப்பிள்ளை சாவதற்குக் காரணமான ஒரு பார்ப்பனப் பெண்ணின் விவகாரம். அவள் கையால் இனி உண்பது தகாது என்று கணவன் வடக்கே கிளம்பிவிடுகிறான். போகும்போது வடமொழி வாசகம் எழுதிய ஓர் ஏட்டைக் கொடுத்து, கடமை அறிந்தவர் கையில் சேர்ப்பிக்கச் சொல்கிறான். அவள் புகாரின் வணிக வீதிகளில் வீடு வீடாக அலைகிறாள். கோவலன் ஏட்டை வாங்கிப் பார்த்து, தானம் செய்து பாவத்தைத் தீர்த்து, போனவனையும் திரும்ப வரவழைத்துப் பொருள் கொடுத்து இருவரையும் வாழவைக்கிறான்.

நம் விமரிசகர்கள் இதைக் கோவலனின் குணச்சித்திரம் என்று ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். காப்பியத்தில் அதன் வேலையும் அதுதான், தப்பில்லை. எனக்கு அந்தக் கீரிதான் முக்கியமாகப் படுகிறது. பாம்பு, தொட்டில், வாயில் இரத்தம் இவையொன்றும் இளங்கோவின் அடிகளில் இல்லை. ஒரு குட்டிக் கீரி செத்தது என்ற அளவில் அவர் நிறுத்திக்கொள்கிறார். மீதியை உரையில்தான் படிக்கவேண்டும். பஞ்சதந்திரத்தின் ஐந்தாம் தந்திரத்தில் வருகிற கதை. கேட்பவர்களுக்கு முன்பே தெரியும் என்று அவர் நம்பியிருக்கவேண்டும்.

இந்தக் கதை போன தேசமெல்லாம் பிராணியை மாற்றிக்கொண்டது. 13ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் லியோன் நகரின் பக்கம் அது கினெஃபோர் என்ற வேட்டைநாயாகிவிட்டது. பாம்பு மட்டும் அப்படியே இருந்தது. குடியானவர்கள் அந்த நாயைப் புனிதராக்கி, சீக்குப் பிள்ளைகளை அதைப் புதைத்த இடத்துக்குத் தூக்கிப்போனார்கள். எத்தியேன் த பூர்போன் என்ற பாதிரி எலும்புகளைத் தோண்டி எரிக்கச் செய்தார். வேல்ஸில் கெலர்ட் என்ற நாய்; அங்கே எதிரியும் மாறி ஓநாயாகிவிட்டது. இந்த இரண்டு இடத்திலும் வீட்டுப் பிராணி ஒருபக்கம், காட்டுப் பிராணி மறுபக்கம் என்று கோடு தெளிவாக விழுந்துவிடுகிறது. புகாரில் அந்தக் கோடு விழவில்லை. கீரியை யாரும் நாயைப்போலத் தலைமுறை தலைமுறையாகப் பழக்கி வைத்திருக்கவில்லை. வேலியோரத்திலிருந்து குட்டியாக எடுத்துவந்து பால் வைத்து வளர்த்தது அது. தொட்டிலுக்குக் காவல் நின்றதும் ஒரு வேட்டைப் பிராணிதான்.

இது தற்செயல் இல்லை. காவிரிப் படுகையில் காடு என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் கோடியக்கரையிலும் முத்துப்பேட்டை அலையாத்தியிலும்தான். மற்றதெல்லாம் வயல், வாய்க்கால், திட்டு, ஊர். ஆனால் கொன்று தின்னும் பிராணிக்கு இங்கே எந்நாளும் பஞ்சமில்லை. நெல் இருக்கிற இடத்தில் எலி. வயலில் வரப்பு வளை, வீட்டில் பத்தாயத்தின் அடி, கொல்லையில் வைக்கோல் போர். எலிக்குச் சாரையும் நல்லபாம்பும், அவற்றின் பின்னால் கீரி. மூங்கில் குத்தில் நரி, ஓட்டுக்கூரையில் மரநாய். மலைநாட்டுக்காரனுக்குப் புலி காட்டிலிருந்து ஊருக்குள் வருகிறது. இங்கே வருவதென்று ஒன்று இல்லை. எல்லாம் நெல்லைச் சுற்றி ஏற்கெனவே குடியிருக்கின்றன.

குறுந்தொகை 107ஆம் பாட்டில் ஒருத்தி, தன்னை அதிகாலையில் எழுப்பிவிட்ட சேவலைச் சபிக்கிறாள்: காட்டுப்பூனைக் குட்டிக்கு வைத்துத் தின்னும் இரையாகப் போ என்று. அந்தக் காட்டுப்பூனை நள்ளிரவில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பாட்டே சொல்கிறது. வீட்டு எலியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது! மதுரைக் கண்ணனார் பாடிய பாட்டு, காவிரிக்கரையுடையது அல்ல. ஆனாலும் வெருகு எதற்காகக் கூரைக்குள் வருகிறது என்பதை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன இடம் வேறொன்று எனக்குத் தெரியாது. எலிக்கு வந்தது, வந்த இடத்தில் சேவலும் இருக்கிறது.

கோழி விஷயத்துக்கு வருகிறேன். பட்டினப்பாலையில் புகாரின் பெண்கள் உலர்த்திய தானியத்தைக் கொத்தவந்த கோழிமேல் காதுக்குழையைக் கழற்றி எறிகிறார்கள். அது சிறுவர்களின் மூன்றுருளைத் தேருக்குத் தடையாகக் கிடக்கிறது. செல்வத்துக்கு அடையாளமாக உரையாசிரியர் முதல் மேடைப் பேச்சாளர் வரை எல்லோரும் மெச்சிய காட்சி. அந்த முற்றத்தில் கோழி ஒரு தொந்தரவு, அவ்வளவே. அதைக் கீரி தூக்கிப்போனால் யாரும் மார்பில் அடித்துக்கொள்ளப் போவதில்லை.

அதே படுகையில் இன்னொரு தெரு இருந்தது. அக்கிரகாரத்தில் கோழி கிடையாது. குழந்தையும் பசுவும் உண்டு. அங்கே பயம் பாம்பைப் பற்றியது, கீரி உறவு. சேரியிலும் குடித்தெருவிலும் கையில் இருக்கும் ஆஸ்தியே நாலு கோழியும் ஓர் ஆடும்தான். அங்கும் பாம்புக்குப் பயம் உண்டு. ஆனால் கீரி திருடன். பொழுது சாய்ந்ததும் கோழியைப் பிடித்துப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, மேலே கல் வைத்துவிட்டுத்தான் அவள் படுப்பாள். ஒரே பிராணி, இருநூறு அடி தள்ளி அதற்கு வேறு பெயர். 'நரி முகத்தில் விழித்தான்' என்று அதிர்ஷ்டத்தைச் சொல்லும் பேச்சும் கோழி வளர்த்தவள் வாயிலிருந்து பிறந்திருக்காது.

கீரியைக் கொன்றவளின் பாவத்துக்கு ஓர் ஏடு இருந்தது. அதை வாங்கிப் படிக்க ஒரு வணிகன் இருந்தான், அதைச் சொல்ல ஒரு காப்பியம் இருந்தது. கோழி இழந்தவளின் நஷ்டத்தை எந்த ஓலையும் எழுதிக்கொள்ளவில்லை. பாண்டியனின் லாயத்தில் பரிகள் மறுபடி நரிகளாகி மற்றக் குதிரைகளைக் கடித்துக் குதறியதைத் திருவிளையாடல் விஸ்தாரமாகச் சொல்கிறது. அது ராஜாவின் லாயம்.

கீரியின் இந்த இரட்டை முகத்தை மற்றவர்கள் பணம் கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள். 1872இல் ஜமைக்காவின் கரும்புத் தோட்டத்துரை ஒருவர் எலியை ஒழிக்கக் கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகளை வரவழைத்தார். எலியோடு நிற்காமல் அவை தரையில் கூடுகட்டும் பறவைகளையும் கோழிகளையும் தின்று பெருகின. நம் சேரிக்கிழவி யாரைக் கேட்டிருந்தாலும் முன்னமே சொல்லியிருப்பாள்.

இங்கே எலிக்கு மனிதன் கண்டது கிட்டி. மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்த பொறி. மாலையில் வயலில் நட்டுவைத்து விடியலில் எடுப்பார்கள். 'தஞ்சாவூர்க் கிட்டி' என்றே வேளாண் நூல்களில் அதற்குப் பெயர். கிட்டி எலியை மட்டும் கொன்றது. 1960இல் தீவிர சாகுபடித் திட்டத்துக்குத் தஞ்சாவூர் ஜில்லாவைத் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு ஆடுதுறை 27 வந்தது, உரம் வந்தது, எண்ட்ரின் வந்தது. எண்ட்ரின் பூச்சிக்கு வந்த மருந்து. மனிதர்கள் குடித்துச் செத்ததிலும் அதற்குப் பெயர் உண்டு. 1990இல் தடை செய்தார்கள். விஷம் கிட்டியைப்போல ஆள் பார்த்து அடிப்பதில்லை. மருந்து தின்ற எலியைத் தின்னும் பூனைக்கும் கீரிக்கும் ஆந்தைக்கும் அது போய்ச் சேருகிறது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று கீரியைக் கொல்வது மட்டுமல்ல, வீட்டில் வளர்ப்பதும் குற்றம். அந்தப் பார்ப்பனப் பெண் இப்போது குட்டியை எடுத்து வளர்க்கத் தொடங்கும்போதே குற்றவாளி.

பஞ்சாரம் மட்டும் போகவில்லை. இப்போது அது பெரும்பாலும் நாய்க்காக. சோறு போட்டவர் யார் என்று சொல்லமுடியாத தெருநாய்கள் கூட்டமாக வந்து கடிக்கின்றன. படுகைக்கு மேற்கே, ஈரோடு, திருப்பூர் வட்டாரங்களில் 2025இல் விவசாயிகள் செத்த ஆடுகளைக் கொண்டுவந்து போட்டு நஷ்டஈடு கேட்டுப் போராடினார்கள். அரசும் கொடுப்பதாக ஒப்புக்கொண்டது. கடித்துச் செத்த ஆட்டுக்கும் கோழிக்கும் இன்ன தொகை என்று இப்போது சர்க்கார் காகிதத்தில் எழுதுகிறார்கள்.